பாஸ்தா வடித்த கஞ்சியைக் கொட்ட வேண்டாம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். ஈரோட்டில் இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். அவர் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "பிள்ளைகள் இரண்டு பேரும் வாரா வாரம் பாஸ்தா கேட்கிறார்கள். வீட்டில் செய்தால் ஒன்றோடொன்று ஒட்டி, உப்புமா மாதிரி ஆகிவிடுகிறது. சாஸ் எல்லாம் தட்டின் அடியில் தண்ணீராக நிற்கிறது. மாமனார், மாமியார் சைவம், முட்டையும் கிடையாது. பாக்கெட் சாஸும் நிறைய சீஸும் இல்லாமல் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்படி செய்ய வழி உண்டா?"

உண்டு. உங்கள் பிரச்சினை சாஸில் இல்லை, சகோதரி. பாஸ்தா வெந்ததும் வடித்துக் கொட்டுகிறீர்களே, அந்தத் தண்ணீரில் இருக்கிறது. அது தண்ணீர் இல்லை, கஞ்சி. கஞ்சி என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதம் வடித்தால் எடுத்து வைப்போம், உப்பு போட்டுக் குடிப்போம், பருத்திப் புடவைக்குப் போடுவோம். ஆனால் பாஸ்தா என்று வந்ததும் அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, மேலே குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரில் அலசியும் விடுகிறோம். சாஸ் ஒட்டாமல் போவதற்கு இதுதான் காரணம்.

கணவரின் வேலைக்காக நாங்கள் மூன்று வருடம் இத்தாலியின் தெற்கே பாரி நகரத்தில் இருந்தோம். கீழ் வீட்டில் ஒரு பாட்டி. அங்கே பாட்டியை நோன்னா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். ஒரு நாள் அவர் சமைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்தா வேக இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. அவர் ஒரு பழைய கண்ணாடி டம்ளரை எடுத்துப் பானைக்குள் முக்கி, கலங்கலான அந்தத் தண்ணீரை மொண்டு அடுப்புப் பக்கம் வைத்தார். அப்புறம் பாஸ்தாவை அரிகரண்டியால் அள்ளி, சொட்டச் சொட்ட, சாஸ் கொதிக்கிற வாணலியில் நேராகப் போட்டார். டம்ளரில் இருந்து கொஞ்சம் ஊற்றினார், தீயைக் கூட்டினார், வாணலியைக் காதைப் பிடித்துக் குலுக்கினார். அரை நிமிடத்தில் சாஸ் நிறம் மாறியது. அதுவரை தனியாக மிதந்துகொண்டிருந்த எண்ணெய் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஒவ்வொரு துண்டின் மேலும் மெல்லிய பளபளப்பாக சாஸ் போர்த்தியிருந்தது. சாப்பிட்டு முடித்தபோது தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

என்ன நடக்கிறது என்றால், எண்ணெயும் தண்ணீரும் தானாகச் சேராது. பாஸ்தா வேகும்போது அதன் மாவுச்சத்து தண்ணீரில் கரைகிறது. அந்த மாவுச்சத்து எண்ணெயைச் சின்னச் சின்னத் துளியாகப் பிரித்து, மறுபடி ஒன்றுகூடாமல் பிடித்து வைக்கிறது. குலுக்குவது அதற்காகத்தான். கடைசி இரண்டு நிமிடத்தில் பாஸ்தா சாஸையே குடித்து வேகுவதால் உள்ளேயும் ருசி இறங்கும். வெந்த பாஸ்தாவைத் தட்டில் வைத்து மேலே சாஸ் ஊற்றினால் இது நடக்கவே நடக்காது.

சரி, வேக வைப்பதில் இருந்து வருகிறேன். முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். துரும் கோதுமை ரவை என்று போட்டிருக்க வேண்டும். இது கடினமான கோதுமை, வெந்தாலும் குழையாது. இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவை இந்தக் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இல் சட்டமே போட்டார்கள். மைதா கலந்த மலிவான பாஸ்தாவை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கூழாகத்தான் போகும். அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

அங்கே சொல்லும் கணக்கு 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் 300 கிராம் போதும். மாமனார், மாமியாரும் சேர்ந்தால் 450 கிராம். 300 கிராமுக்கு நான் 2.5 லிட்டர் தண்ணீரும் 20 கிராம் உப்பும்தான் வைக்கிறேன். தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் கஞ்சி கெட்டியாக இருக்கும், அது நமக்கு நல்லது. அவர்களும் கல்லுப்புதான் போடுவார்கள், தண்ணீர் கொதித்த பிறகு. எண்ணெய் விட வேண்டாம். அது மேலே மிதக்குமே தவிர ஒட்டுவதைத் தடுக்காது. ஒட்டுவது முதல் இரண்டு நிமிடத்தில்தான். அந்த இரண்டு நிமிடம் பக்கத்தில் நின்று கிளறிவிட்டால் போதும். பாக்கெட்டில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் 8 நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். கடித்த இடத்தில் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான் எடுக்க வேண்டிய நேரம். மீதி வேக்காடு வாணலியில் ஆகிவிடும்.

சாஸுக்கு 300 கிராம் பாஸ்தாவுக்கு முக்கால் கிலோ தக்காளி. நாட்டுத் தக்காளியில் புளிப்பும் தண்ணீரும் அதிகம், ரசத்துக்கு அதுதான் உயிர். இங்கே பெங்களூர்த் தக்காளிதான் சரி. நன்றாகப் பழுத்து, சதை தடிமனாக இருக்கட்டும். அடியில் கீறி, கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டால் தோல் தானாக உரியும். மிக்ஸியில் போட வேண்டாம். காற்று ஏறி, நுரைத்து, நிறம் வெளுத்துவிடும். கையாலேயே பிசைந்துவிடுங்கள்.

வாணலியில் நான்கு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய். விலை கட்டுப்படி ஆகவில்லை என்றால் மூன்று பங்கு சூரியகாந்தி எண்ணெயில் சமைத்து, இறக்கும்போது ஒரு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் விடுங்கள், வாசனைக்கு அது போதும். நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், அதன் மணம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். எண்ணெய் காய்வதற்கு முன்பே, தட்டி வைத்த நாலைந்து பூண்டுப் பல்லைப் போட்டுச் சின்னத் தீயில் வையுங்கள். நம் தாளிப்புக்கு நேர் எதிர். நமக்கு எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்க வேண்டும், இங்கே பூண்டு மெதுவாகச் சூடேறித் தன் மணத்தை எண்ணெய்க்குள் விட வேண்டும். ஓரம் லேசாகப் பொன்னிறம் ஆனதும் தக்காளியைச் சேர்த்துவிடுங்கள். கருகினால் கசக்கும். உப்பைக் குறைத்துப் போடுங்கள், பின்னால் வருகிற கஞ்சியிலும் உப்பு இருக்கிறது. இருபது நிமிடம் கொதித்ததும் கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு ஒரு நொடி நின்று மெதுவாக மூடினால் பதம் சரி. தொக்கு அளவுக்குச் சுண்ட விடக் கூடாது. டொமேட்டோ கெட்சப் மட்டும் சேர்க்காதீர்கள். அதில் வினிகரும் சர்க்கரையும் இருப்பதால்தான் வீட்டுப் பாஸ்தாவுக்கு அந்த இனிப்பும் புளிப்பும் வருகிறது. தக்காளி ரொம்பப் புளித்தால் ஒரு துண்டு கேரட்டைப் போட்டுக் கொதிக்கவிட்டு எடுத்துவிடலாம்.

அப்புறம் நோன்னா செய்தது போலவே பாஸ்தா உள்ளே, ஒரு கரண்டி கஞ்சி, பெரிய தீ, குலுக்கல். கெட்டியானால் இன்னும் கொஞ்சம் கஞ்சி. டம்ளரில் மீதி இருப்பதைப் பரிமாறும்வரை கொட்டாதீர்கள். யாராவது சாப்பிட வரப் பத்து நிமிடம் தாமதமானால் பாஸ்தா இறுகியிருக்கும். இரண்டு ஸ்பூன் சூடான கஞ்சி விட்டுக் கிளறினால் இளகிவிடும்.

மாமனார், மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. நல்ல செய்தி, முட்டை சேர்த்துப் பிசையும் பாஸ்தா முக்கியமாக இத்தாலியின் வடக்கே, எமிலியா ரோமாஞ்ஞா பக்கத்து வழக்கம். தெற்கே ரவையும் தண்ணீரும்தான். காய்ந்த துரும் கோதுமை பாஸ்தாவிலும் பெரும்பாலும் முட்டை கிடையாது. இருந்தாலும் பாக்கெட்டில் ஒருமுறை படித்துவிடுங்கள். எச்சரிக்கை சீஸில். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற அந்தப் பெயர் பெற்ற சீஸ் சைவம் இல்லை. பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றில் இருந்து எடுக்கும் பொருளைச் சேர்த்தாக வேண்டும் என்பது அதன் விதி. கிரானா பதானோவும் அப்படித்தான். இதைத் தெரியாமல் எத்தனையோ சைவக் குடும்பங்கள் வாங்கிப் பயன்படுத்துகின்றன. பெரியவர்களுக்குப் பரிமாறும் உணவில் இது மறைவாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பச்சைப் புள்ளி உள்ள சீஸை மட்டும் வாங்குங்கள்.

சீஸே இல்லாமலும் முடியும். சீஸ் வாங்க வசதி இல்லாத தெற்கு இத்தாலிய வீடுகளில், காய்ந்துபோன ரொட்டியைத் தூளாக்கி, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துப் பாஸ்தாவின் மேல் தூவினார்கள். இன்றைக்கும் தூவுகிறார்கள். இரண்டு நாள் பழைய பிரெட்டை உதிர்த்து, ஒரு ஸ்பூன் எண்ணெய், துளி உப்பு சேர்த்துக் கைவிடாமல் வறுங்கள். மொறுமொறுவென்று வரும். என் வீட்டில் சீஸ் இருந்தாலும் பிள்ளைகள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பாரியில் குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு செய்யும் ஒரு உணவு உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும். லேசாகக் கசக்கும் ஒரு கீரை, ஒரெக்கியெத்தே என்ற காது வடிவப் பாஸ்தா, பூண்டு, காய்ந்த மிளகாய். தக்காளி கிடையாது. அந்தக் கீரை இங்கே கிடைக்காது, ஆனால் நாம் தூக்கிப் போடுகிற முள்ளங்கிக் கீரை அதே குடும்பம், அதே மெல்லிய கசப்பு. கீரையை நறுக்கி, பாஸ்தா வேகும் அதே தண்ணீரில் கடைசி மூன்று நிமிடம் சேர்த்துவிடுங்கள். இன்னொரு வாணலியில் எண்ணெய், பூண்டு, கிள்ளிய மிளகாய். இரண்டையும் அள்ளி அதில் போட்டு, கஞ்சி விட்டுக் குலுக்கி, மேலே ரொட்டித் தூள். அங்கே உப்பில் ஊறிய நெத்திலி மாதிரி ஒரு மீனும் சேர்ப்பார்கள், உங்கள் வீட்டில் அதை விட்டுவிடலாம்.

அந்தக் காது வடிவத்தைக் கையாலேயே செய்யலாம். பாரியின் பழைய தெருவில் பெண்கள் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து இதைச் செய்வார்கள். மாவைக் கயிறாக உருட்டி, நுனிக் கத்தியால் ஒரு துண்டு வெட்டி, அதே கத்தியால் இழுத்து, கட்டைவிரலில் கவிழ்த்துவிடுவார்கள். பார்க்கும்போதே நாலைந்து விழுந்துவிடும். நாம் அவ்வளவு வேகம் போக வேண்டாம். 300 கிராம் சிரோட்டி ரவை, சுமார் 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் விடுங்கள். சின்ன உருண்டையாகக் கிள்ளி, கட்டைவிரலால் நடுவில் அழுத்தி இழுத்தால் குழிந்து வரும். அம்மிணிக் கொழுக்கட்டை உருட்டத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலையே இல்லை. குழியில்தான் சாஸ் தங்கும். நம் ரவை துரும் அளவுக்கு உறுதி கிடையாது, அதனால் ஐந்து நிமிடத்தில் ஒன்றைக் கடித்துப் பார்த்து எடுத்துவிடுங்கள். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். தன் கையால் அழுத்தியதைத் தட்டில் தேடித் தேடிச் சாப்பிடும் குழந்தையை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் ஒயிட் சாஸ் கேட்டால்? மைதாவும் பாலும் தேவையே இல்லை. ரோமில் பிறந்த ஆல்ஃப்ரெடோ பாஸ்தாவில் முதலில் கிரீமே கிடையாது. வெண்ணெய், சீஸ், பாஸ்தா தண்ணீர், அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டு, 50 கிராம் வெண்ணெய், துருவிய சீஸ், ஒரு கரண்டி கஞ்சி சேர்த்து வேகமாகக் கிளறினால் பாலாடை போலத் திரண்டு வரும். தீ எரியும்போது சீஸைப் போட்டால் திரிந்து நூல் நூலாகிவிடும்.

மணத்துக்கு ஆரிகானோ பொட்டலத்தைக் கொட்ட வேண்டியதில்லை. நம் திருநீற்றுப் பச்சிலையும் இத்தாலிய பேசிலும் ஒரே இனம்தான், நம்முடையதில் மணம் கொஞ்சம் காட்டம். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் சப்ஜா விதை அதன் விதைதான். தொட்டியில் தூவிவிட்டால் முளைக்கும். நாலைந்து இலையைக் கிள்ளி, அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். துளசி வேறு, அதை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

மிஞ்சிய பாஸ்தாவைப் பற்றியும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள், மறுநாள் பள்ளிக்கு டப்பாவில் தரலாமா என்று. மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர் மாதிரி ஆகும். பிரிட்ஜில் இருந்து எடுத்ததும் இரும்புத் தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, பாஸ்தாவைப் பரப்பி, கிளறாமல் ஐந்து நிமிடம் மிதமான தீயில் விடுங்கள். அடியில் மொறுமொறுவென்று பிடித்ததும் தோசை போலத் திருப்பிப் போட்டு இன்னும் மூன்று நிமிடம். இத்தாலிய வீடுகளிலும் மறுநாள் பாஸ்தாவை இப்படித்தான் வாணலியில் முறுக விடுவார்கள். ஆறிய பிறகு டப்பாவில் வையுங்கள். சூடாக மூடினால் வேர்த்து, அந்த மொறுமொறுப்பு போய்விடும்.