எழுதி வைத்தவர்களின் போர்

வணக்கம் நேயர்களே.

கொரியாவின் தெற்குக் கரையோரம் கோஜே என்று ஒரு பெரிய தீவு இருக்கிறது. கப்பல் கட்டும் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அங்கே ஓக்போ என்ற ஊரில் வேலை விஷயமாக இரண்டு வருடம் தங்கியிருந்தேன். விரிகுடாவின் ஒரு பக்கம் முழுக்க கிரேன்கள், எதிர்ப்பக்கம் குன்றின் மேல் உயரமாக ஒரு நினைவுத்தூண். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்க ஏறிப் போனேன். 1592 ஜூன் 16 அன்று, நாங்கள் கப்பல் மிதக்கவிட்டுக்கொண்டிருந்த அதே தண்ணீரில், யி சுன் சின் என்ற கடற்படைத் தளபதி ஜப்பானியக் கப்பல்களை முதன்முதலில் முறியடித்த இடம் அது. எனக்கு அந்தப் பெயரே அன்றுதான் தெரியும்.

நான் படித்த பள்ளிப் பாடத்தில் 16ஆம் நூற்றாண்டின் பின்பாதி என்றால் 1556 பானிபட், 1565 தலைக்கோட்டை, அப்புறம் 1588இல் இங்கிலாந்தைப் பிடிக்க ஸ்பெயின் அனுப்பிய கப்பற்படையான ஸ்பானிஷ் ஆர்மடா. ஆர்மடாவில் ஏறக்குறைய 130 கப்பல், 30 ஆயிரம் பேர். அதற்கு நான்கே வருடம் கழித்து ஜப்பான் கொரியாவுக்குள் இறக்கிய படை 1 லட்சத்து 58 ஆயிரம் பேர். ஜப்பான், கொரியா, சீனா மூன்றும் மோதிய ஏழு வருடப் போர். உலகிலேயே அந்தக் காலத்தின் மிகப் பெரிய போர்களில் ஒன்று, அதில் ஒரு வரியைக்கூட நான் படித்ததில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். குறிப்பாக, அந்தப் போரின் நடுவில் உட்கார்ந்து எழுதியவர்களைப் பற்றி, எழுதப்பட்டதைக் காப்பாற்றியவர்களைப் பற்றி.

முதலில் பின்னணி. ஜப்பானில் நூறு வருடத்துக்கு மேல் ஓயாத உள்நாட்டுச் சண்டை. 1543இல் போர்த்துக்கீசியர் தானெகஷிமா தீவில் கொண்டுவந்து காட்டிய துப்பாக்கியை ஜப்பானியர் தாங்களே செய்யக் கற்றுக்கொண்டு ஆயிரக்கணக்கில் குவித்துவிட்டார்கள். 1590இல் தொயோத்தோமி ஹிதெயோஷி எல்லாரையும் அடக்கி நாட்டை ஒன்றாக்கினார். சாதாரணக் குடும்பத்தில் பிறந்து உச்சிக்குப் போன மனிதர். அடுத்த ஆசை சீனா. அதற்கு வழி கொரியா.

கொரியாவை அப்போது ஆண்டது ஜோசொன் அரசு. 200 வருட அமைதி. படித்தவர்களின் நாடு, ஆனால் அரசவை கிழக்கு அணி, மேற்கு அணி என்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஹிதெயோஷி எப்படிப்பட்டவர் என்று பார்த்துவர 1590இல் தூது போனது. சந்திப்பின் நடுவே ஹிதெயோஷி தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாராம், குழந்தை மடியில் மூத்திரம் போக, சிரித்துக்கொண்டே வேலைக்காரியைக் கூப்பிட்டாராம். தூதர்கள் அவமானத்தில் உறைந்து போயிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் மேற்கு அணியைச் சேர்ந்த ஹ்வாங் யுன் கில், "அந்த மனிதனின் கண்ணில் ஒளி இருக்கிறது, போர் வரும்" என்றார். கிழக்கு அணியைச் சேர்ந்த கிம் சொங் இல், "எலிக்கண், பயப்பட ஒன்றுமில்லை" என்றார். ஒரே மனிதரை ஒரே அறையில் பார்த்துவிட்டு வந்த இரண்டு பேர்.

அமைச்சர் ரியூ சொங் ரியோங்கும் கிழக்கு அணிதான். அவர் கிம்மைத் தனியாகப் பிடித்து, உண்மையிலேயே போர் வந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார். வராது என்று என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஹ்வாங் பேசிய பேச்சில் ஊரே கலங்கிவிடும் போலிருந்தது, அதனால் அப்படிச் சொன்னேன் என்று பதில் வந்தது. இது நமக்கு எப்படித் தெரியும்? ரியூவே எழுதி வைத்திருக்கிறார். போர் முடிந்து பதவி போன பிறகு ஊருக்குத் திரும்பி, நடந்த பிழைகளை எல்லாம், தான் பங்கெடுத்த ஆட்சியின் பிழைகளையும் சேர்த்து, 'ஜிங்பிரோக்' என்ற நூலாக எழுதினார். கடந்ததற்கு வருந்தி வருவதற்கு எச்சரிக்கை என்பது தலைப்பின் பொருள். ஒரு சின்ன விவரமும் அதில் இருக்கிறது. போருக்கு முன்பே ஜப்பானியத் தரப்பு கொரிய மன்னருக்கு மயில்களோடு சில துப்பாக்கிகளையும் பரிசாகத் தந்திருந்தது. மயில்களை ஒரு தீவில் விட்டுவிட்டார்கள். துப்பாக்கிகளை ஆயுதக் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப் போனது.

1592 மே 23, பூசானில் படை இறங்கியது. முன்னணிப் படைக்குத் தலைவர் கோனிஷி யுகிநாகா. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பக்கத்தில் இருந்த தொங்நே கோட்டை. "சண்டையிட விருப்பமா, வா. இல்லையென்றால் வழி விடு" என்று பலகையில் எழுதி நட்டார்கள். உள்ளே இருந்த அதிகாரி சொங் சாங் ஹியோன் எழுதிய பதில்: "சாவது எளிது, வழி விடுவது அரிது." அவரும் செத்தார், கோட்டையில் இருந்த மக்களும் செத்தார்கள். இன்று அந்த இடத்தில் பூசான் மெட்ரோவின் சுஆன் நிலையம் இருக்கிறது. அதற்காகத் தோண்டியபோது 2005இல் பழைய அகழி வெளிப்பட்டது, அதற்குள் மண்டை ஓடுகளும் எலும்புகளும் கவசமும் கிடந்தன. நிலையத்துக்கு உள்ளேயே ஒரு சிறு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். ரயிலுக்குப் போகிற பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

தலைநகர் 20 நாளில் விழுந்தது. மன்னர் சோன்ஜோ அதற்கு முன்பே வடக்கே ஓடிவிட்டார். அரசர் போனதும் ஜனங்கள் அடிமைப் பதிவேடு வைத்திருந்த அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். அந்த நெருப்பில் எனக்கு ஒரு நியாயம் தெரிகிறது, மறைக்க மாட்டேன்.

கடலில் மட்டும் கதை வேறு. இது என் தொழில், கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஜப்பானியக் கப்பல் கூர்மையான அடி, மெல்லிய பலகை, வேகமாக ஓடும். அவர்கள் கடற்சண்டை செய்வது எதிரிக் கப்பலை ஒட்டி வந்து, தாவி ஏறி, வாளால் வெட்டி. கொரியரின் பானொக்சொன் கப்பலோ தட்டையான அடி, கனமான பைன் மரம், மரமுளை வைத்து இறுக்கியது. மெதுவாகத்தான் போகும், ஆனால் நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும். பீரங்கி வெடிக்கும்போது வருகிற உதைப்பையும் தாங்கும். அந்தப் பீரங்கிகளுக்கு வானம், பூமி, கருமை, மஞ்சள் என்று பெயர், குழந்தைகள் படிக்கும் ஆயிரம் எழுத்துப் பாடத்தின் முதல் நான்கு எழுத்துகள் அவை. சரி, இப்போது யோசியுங்கள். தாவி ஏறினால்தான் சண்டை என்று நினைக்கிற ஒருவனைப் பக்கத்திலேயே வரவிடாமல், ஒரு பக்கத்துப் பீரங்கியைச் சுட்டுவிட்டு, அங்கேயே திரும்பி மறுபக்கத்தைச் சுடுகிற கப்பல். யி சுன் சின் செய்தது அதுதான். எல்லாரும் கேட்கிற ஆமைக்கப்பலும் இருந்தது, மேலே மூடி ஆணி பதித்து, முன்னால் டிராகன் தலை வைத்து. ஆனால் எண்ணிக்கையில் அவை சில மட்டுமே, பாரத்தைச் சுமந்தது பானொக்சொன்தான். 1592 ஆகஸ்டில் ஹான்சான் தீவுக்கு வெளியே 73 ஜப்பானியக் கப்பல்களை அகலக் கடலுக்கு இழுத்துவந்து, கொக்கு சிறகு விரித்த மாதிரி வளைத்துக்கொண்டார். 47 அழிந்தன, 12 பிடிபட்டன. கடல்வழி அரிசி போவது நின்றால் தரையில் இருக்கும் படை எவ்வளவு பெரியதாக இருந்தும் என்ன?

தரையில் செந்நிற அங்கி போட்ட க்வாக் ஜே உ போன்ற ஊர்ப் பெரியவர்களும், துறவிகளும்கூட ஆள் திரட்டிப் போராடினார்கள். மிங் சீனப் படை வந்து 1593 தொடக்கத்தில் பியோங்யாங்கை மீட்டது. அப்புறம் நீண்ட பேச்சுவார்த்தை, இரு பக்கத் தூதர்களும் தங்கள் தலைவர்களிடம் பொய் சொல்லி இழுத்தார்கள், 1596இல் அது உடைந்தது, 1597இல் மறுபடி படையெடுப்பு.

ஆனால் நான் சொல்லியே ஆக வேண்டிய இன்னொரு சம்பவம் 1592லேயே நடந்தது. ஜோசொன் அரசு ஒவ்வொரு மன்னரின் காலத்தையும் நாள்வாரியாக எழுதி, நான்கு பிரதி செய்து நான்கு ஊர்களில் வைத்திருந்தது. தலைநகர், சுங்ஜு, சொங்ஜு மூன்றிலும் எரிந்து போயின. மிச்சம் ஜொன்ஜுவில் ஒன்றே ஒன்று. அந்தப் பக்கத்துக் கிராமத்தில் அன் உய் என்று ஒரு படித்தவர், 64 வயது. சொன் ஹொங் ரோக், 56 வயது. யாரும் உத்தரவு போடவில்லை. இவர்களே ஆள் சேர்த்து, பெட்டி பெட்டியாக இருந்த ஏடுகளைச் சுமக்கச் செய்து, நேஜாங் மலையில் ஒளித்து வைத்தார்கள். 370 நாள் காவல். இன்று இருவரும், இன்று அன் மட்டும், இன்று சொன் மட்டும் என்று முறை குறித்து வைத்திருக்கிறார்கள். 200 வருட வரலாறு வயதான மனிதர்கள் இருவரின் முதுகில் தப்பியது. இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற அந்த ஏடுகளின் தொடக்கப் பகுதி இவர்கள் காத்த பிரதிதான்.

இரண்டாம் படையெடுப்பு முதலாவதைவிடக் கொடூரமானது. கொன்றதற்குச் சான்றாகத் தலைக்குப் பதிலாக மூக்கு. வெட்டிய மூக்குகளை உப்பில் போட்டு அனுப்ப வேண்டும், எண்ணி வாங்கிய அதிகாரிகள் ரசீது தந்தார்கள், அந்த ரசீதுகள் இன்னும் இருக்கின்றன. போர் வீரர்களின் மூக்கு மட்டுமல்ல, ஊர் ஜனங்களுடையதும். கியோட்டோவில் அவற்றைப் புதைத்த மேடு இன்றும் இருக்கிறது, காது மேடு என்று பெயர்.

இதையும் ஒருவர் எழுதினார், ஜப்பானியர். கெய்னென் என்ற பௌத்த குரு, ஒரு பிரபுவின் படையோடு வைத்தியராகக் கூட்டிப் போகப்பட்டவர். ஜப்பானிலிருந்து வந்த வணிகர்கள் ஆண், பெண், கிழவர், குழந்தை என்று பாராமல் விலைக்கு வாங்கி, கழுத்தில் கயிறு கட்டி வரிசையாக ஓட்டிப் போனதை, தன் படை செய்த பாவத்தை, ராத்திரி உட்கார்ந்து நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்படிப் போனவர்களில் குயவர்கள் இருந்தார்கள், அரிட்டாவில் ஜப்பானின் பீங்கான் தொழிலை அவர்கள்தான் தொடங்கினார்கள். நாகசாகியில் போர்த்துக்கீசியருக்கு விற்கப்பட்டவர்களும் இருந்தார்கள். கார்லெத்தி என்ற இத்தாலிய வணிகர் அங்கே ஐந்து கொரியர்களை மிக மலிவாக வாங்கி, கோவா வரை கொண்டுவந்து, நான்கு பேரை அங்கே விடுவித்திருக்கிறார். அந்த நான்கு பேர் நம் மேற்குக் கடற்கரையில் எந்தத் தெருவில் நடந்திருப்பார்கள், யாரிடம் என்ன மொழியில் சோறு கேட்டிருப்பார்கள் என்று நான் பல நாள் நினைத்திருக்கிறேன்.

யி சுன் சின்னுக்கு வருவோம். அவரும் நாட்குறிப்பு எழுதினார். பெரும்பாலான நாள் வானிலையில்தான் தொடங்கும். வெயில், மழை, அலுவலகம் போனேன், வயிறு சரியில்லை, அம்மாவிடமிருந்து செய்தி இல்லை. 1597இல் எதிரியின் ஆள் கொண்டுவந்த தகவலை நம்பிக் கப்பல்களைக் கொண்டு போகச் சொன்னது அரசவை. அது பொறி என்று அவர் சந்தேகப்பட்டார், போகவில்லை. கைது, சித்திரவதை, பதவி பறிப்பு. சிறையிலிருந்து விட்டதும் மகனைப் பார்க்கப் படகில் கிளம்பிய தாய் வழியிலேயே இறந்துவிட்டார். அடக்கம் முடியும்வரை இருக்கக்கூட அவரை விடவில்லை. அவர் இடத்துக்கு வந்த வொன் கியூன் கோஜே தீவை ஒட்டிய சில்சொன் நீரிணையில் மொத்தக் கடற்படையையும் இழந்தார். மிஞ்சியது 12 கப்பல். கடற்படையைக் கலைத்துவிட்டுத் தரைப்படையோடு சேர் என்று மன்னர் சொன்னபோது, மறுபடி பதவிக்கு வந்திருந்த யி சுன் சின், "அடியேனிடம் இன்னும் 12 கப்பல் இருக்கிறது" என்று எழுதினார்.

பிறகு ஒன்று சேர்ந்து 13 ஆனது. எதிரே 133. இடம் ஜிந்தோ தீவுக்கும் நிலத்துக்கும் நடுவில் சுமார் 300 மீட்டர் அகலமுள்ள கால்வாய். நீரோட்டம் அங்கே அழுகிற மாதிரி சத்தம் போடும், கடல் ஏறும்போது ஒரு பக்கம் இழுக்கும், வற்றும்போது மறுபக்கம். 1597 அக்டோபர் 26. வெகுநேரம் அவர் கப்பல் ஒன்று மட்டுமே முன்னால் நின்றது, மற்றவை பயந்து பின்னால் தயங்கின. அன் வீ என்ற அதிகாரியைப் பார்த்து, ராணுவச் சட்டத்தில் சாக ஆசையா, ஓடினால் எங்கே போய் வாழ்வாய் என்று கத்தினார். அன் வீ முன்னால் வந்தார், மற்றவர்களும் வந்தார்கள், ஓட்டமும் திரும்பியது. 31 கப்பல்களை உடைத்தார்கள். அன்றைய குறிப்பில் தன் சாமர்த்தியம் என்று ஒரு வார்த்தை இல்லை. வானம் தந்த பேறு என்று எழுதியிருக்கிறார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, வீட்டிலிருந்து கடிதம் வந்தது. உறையைப் பிரிக்கும் முன்பே உடம்பு நடுங்கியது என்கிறார். உறையின் மேலே இரண்டாவது மகன் எழுதியிருந்தது, கதறல் என்று பொருள்படும் இரண்டே எழுத்து. கடைசி மகன் மியோன் ஊரைத் தாக்கிய ஜப்பானியரோடு சண்டையிட்டு இறந்திருந்தான். நான் செத்து நீ வாழ்வதுதானே முறை, நீ செத்து நான் வாழ்கிறேனே என்று அந்தப் பக்கத்தில் அழுதிருக்கிறார்.

1598 செப்டம்பரில் ஹிதெயோஷி இறந்தார், படை வீடு திரும்பத் தொடங்கியது. போரில் மிங் அரசின் கஜானா கரைந்தது, வடக்கே மஞ்சுக்கள் வளர்ந்தார்கள், 1644இல் பெய்ஜிங்கே அவர்கள் கைக்குப் போனது. ஜப்பானில் ஹிதெயோஷியின் குடும்பம் வீழ்ந்து தொக்குகாவா ஆட்சி வந்தது. அதே 1598 டிசம்பர் 16 அன்று நோரியாங் கடலில், திரும்பிப் போகும் கப்பல்களை மறித்த சண்டையில், ஒரு துப்பாக்கிக் குண்டு யி சுன் சின்னின் உயிரைக் குடித்தது. சண்டை உச்சத்தில் இருக்கிறது, நான் இறந்ததைச் சொல்லாதே என்றாராம்.

நாட்குறிப்பின் கடைசிப் பக்கம் அதற்கு இரண்டு நாள் முந்தையது. அவருடைய ஆட்கள் அரிசி ஏற்றிய ஜப்பானியப் படகு ஒன்றைத் துரத்திப் பிடித்தார்கள், கூட்டாளிகளான மிங் வீரர்கள் வந்து படகையும் அரிசியையும் பறித்துக்கொண்டார்கள், வெறுங்கையோடு வந்து சொன்னார்கள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.