மழைக்கால மும்பையில் கேக் அலங்காரம்

நேயர்களுக்கு வணக்கம். செம்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே பன்னிரண்டு வருடமாகக் கேக் செய்துகொண்டிருக்கிறேன். கேக் சுடுவதை இப்போது எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் பேச வந்தது அதன் மேல் பூசுகிற வேலையைப் பற்றி, அதிலும் இந்த மும்பைக் காற்றில் அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றி.

வெளிநாட்டு வீடியோக்களில், மேல்பூச்சுக்கு அடிக்கிற வெண்ணெய் அறை வெப்பத்தில் இருக்கட்டும் என்பார்கள். அவர்கள் அறை 20 டிகிரி. மே மாதத்தில் நம் சமையலறையில் அடுப்பும் எரிந்தால் 33, 34 டிகிரி. அந்தச் சூட்டில் வெண்ணெய் இளகி வழிந்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயில் விரலை அழுத்தினால் குழி விழுகிறதா, அதுவே அடிக்கத் தொடங்க வேண்டிய நேரம்.

கிரீமும் அப்படித்தான். 25 சதவீதக் கொழுப்புள்ள பாக்கெட் ஃப்ரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் நிற்காது. 30 சதவீதமாவது வேண்டும். தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீமைக் கடையில் உறைந்த நிலையில்தான் விற்பார்கள். அதை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அடிக்கும்போது பாத்திரத்துக்கு அடியில் ஐஸ் தண்ணீர் இருக்கட்டும். பீட்டரைத் தூக்கினால் நுனி லேசாக வளைய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் அடித்தால் பூசும்போது சொரசொரப்பாகிவிடும்.

ஒரு ஜூலை மாதம், ஏழு வயதுப் பெண்ணின் பிறந்தநாளுக்கு ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவில் ரோஜா செய்து, கேக்கோடு ஃப்ரிட்ஜில் வைத்தேன். வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்தது. சர்க்கரை அந்த ஈரத்தைக் குடித்து, அரை மணி நேரத்தில் இதழெல்லாம் தொங்கிவிட்டது. அந்தக் குழந்தையின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்கப்புறம் பூக்களுக்கு அந்தச் சர்க்கரை மாவில், அதை விறைப்பாக்கும் சி.எம்.சி. பொடி சேர்த்துப் பிசைந்து, மூன்று நாள் முன்பே செய்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை போட்ட டப்பாவில் காய வைக்கிறேன். கேக் வெட்டுவதற்குச் சற்று முன்புதான் மேலே வைப்பேன்.

எனக்குப் பிடித்த கருவி எது என்று கேட்டால், தயங்காமல் டர்ன்டேபிள் என்பேன், கேக்கை வைத்துச் சுற்றுகிற தட்டு. கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் பேக்கிங் சாமான் கடைகள் இருக்கின்றன. நேரில் போய்ச் சுற்றிப் பார்த்து வாங்குங்கள். இலேசான பிளாஸ்டிக் தட்டு ஆடும். கனமான இரும்பு அடி உள்ளது ஒருமுறை தள்ளினால் நிதானமாகச் சுற்றும். கிரீம் பூசுகிற கத்தியை நகர்த்தாதீர்கள், அதை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு தட்டைச் சுற்றுங்கள். முதலில் கண்ணாடி மாதிரி மெல்லிய பூச்சு, க்ரம்ப் கோட் என்பார்கள். தூள்களையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அடுத்த பூச்சு. இந்த அரை மணி நேரத்தை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கிரீம் பிழியும் பையின் நுனியில் மாட்டுகிற நாஸில் விஷயத்தில் பெரிய செட் தேவையே இல்லை. ஒரு நட்சத்திர நாஸில், ஒரு வட்ட நாஸில் போதும். முள்ளு முறுக்குப் பிழிந்தவர்களுக்கு நட்சத்திரம் புதிதல்ல. மெல்லிய கோடு வரையும்போது நுனியைக் கேக்கில் தேய்க்காமல், சற்று உயரத்திலிருந்து இழையை விழவிடுங்கள். வாசலில் இழைக்கோலம் போடும்போது மாவை அப்படித்தானே விடுகிறோம்? எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்கு எழுபது வயது. நான் ஒருமுறை காட்டியதும் என்னைவிட நேராகப் போட்டார்.

கேக்கை டாக்ஸியில் கொண்டுபோகும்போது மடியில் வைக்காதீர்கள். மடி சரிவு, உடம்புச் சூடு வேறு. காலடியில், சமமான தரையில், டப்பாவுக்கு அடியில் ஈரத்துணி விரித்து வையுங்கள், நகராது. ஏ.சி.யைப் போடச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.