வாய்க்கு வார்த்தை கொடுத்தது யார்?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு வரவேண்டிய தூக்கத்தையும் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் டர்பன் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

நம் தென்னாப்பிரிக்காவில் பாலியல் தொழிலாளர் வாழ்வு மாற, முதலில் மாறவேண்டியது சட்டமா, சமூகத்தின் மனமா? சட்டம் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன் பேசிய ஐயா, "சட்டத்தை மாற்றினால் ஊர் வாய் அடங்குமா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி ஐயா, அந்த வாய்க்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தது யார்?

நம் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்வோம். 1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு எழுதினார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின் முறைப்படி நடந்த கல்யாணம் இங்கே செல்லாது என்றார். அம்மி மிதித்து வந்த நம் பாட்டிமார் காலையில் மனைவி, மாலையில் வைப்பாட்டி! ஊர் மனம் திருந்தட்டும் என்று அவர்கள் அடுப்படியில் உட்கார்ந்திருக்கவில்லை. தடையை மீறி மாகாண எல்லை தாண்டினார்கள், சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்துபோனாள். அந்த வருஷமே சட்டம் மாறியது.

"அவர்களையும் இவர்களையும் ஒப்பிடலாமா?" என்று எதிரணி அம்மா முகம் சுளிக்கிறார். அந்தச் சுளிப்பைப் பற்றித்தான் அம்மா பேச வந்தேன்.

பாயிண்ட் ரோட்டுக்கு இப்போது மகாத்மா காந்தி ரோடு என்று பெயர். அங்கே ஒரு ராத்திரி பன்னி சௌ, அதான் ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தருவார்களே, அது வாங்க நின்றேன். போலீஸ் வண்டி திரும்பியதும் ஒரு பெண் கைப்பையைத் திறந்து, நாலைந்து ஆணுறைப் பாக்கெட்டுகளைச் சாக்கடைக் கம்பிக்குள் தள்ளினாள். ஒன்று கம்பியில் மாட்டிக்கொண்டது. காலால் அழுத்தினாள். கையில் இருந்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்ற பயம். உலகிலேயே எச்ஐவி உள்ளவர்கள் அதிகம் வாழும் நாடு இது! அவளைத் தள்ளவைத்தது ஊர் வாயா, 1957-ல் நிறவெறி அரசு போட்ட சட்டமா? வெள்ளையரும் மற்றவரும் கூடுவது குற்றம் என்ற பிரிவும் அதே சட்டத்தில்தான் இருந்தது. அது 1985-லேயே போய்விட்டது. பாலியல் தொழிலைக் குற்றமாக்கும் பிரிவு மட்டும் நிற்கிறது. 2007-ல் வாடிக்கையாளரையும் குற்றவாளி ஆக்கினார்கள். சமத்துவமாம்!

இந்தப் பெண்களும் சும்மா இல்லை. 2003-லேயே 'சிசொங்கே' என்று அமைப்பு கண்டார்கள். ஜூலுவில் 'நாம் ஒன்றாக இருக்கிறோம்' என்று பொருள். தொழில் சட்டவிரோதம் என்றாலும் அவர்களுக்கும் நியாயமான வேலை நடைமுறை உண்டு என்று 2010-ல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது. 2022 டிசம்பரில் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கும் மசோதாவும் வந்தது. அடுத்த வருஷமே கிடப்பில் போட்டார்கள்.

கடைசியாக ஐயா கேட்டார்: "உன் மகளை அனுப்புவாயா?" மாட்டேன். தங்கச் சுரங்கத்துக்கும் அனுப்பமாட்டேன். அதற்காகச் சுரங்கத் தொழிலாளிக்குச் சங்கம் வேண்டாம் என்று நான் சொன்னேனா? மணி அடித்துவிட்டார்கள், உட்காருகிறேன்.