38 நாள் ஏலம் நடந்த வீடு

[திரையில்: பழைய லண்டன் தெருவின் ஓவியம்]

1786, ஏப்ரல் 24. லண்டன் வைட்ஹால் பகுதியில் ஒரு பெரிய வீடு. உள்ளே ஏலம் தொடங்குகிறது. சங்கு, சிப்பி, பவளம், பூச்சிகள், தாதுக்கற்கள், பீங்கான் என்று 4000க்கும் மேற்பட்ட உருப்படிகள். விற்று முடிக்க 38 நாள் பிடித்தது. வீட்டுக்குச் சொந்தக்காரி அதற்கு முந்தைய ஜூலையிலேயே இறந்துவிட்டார்.

அவர் பெயர் மார்கரெட் பென்டிங்க், போர்ட்லண்ட் டச்சஸ், அதாவது போர்ட்லண்ட் பிரபுவின் மனைவி. அன்றைய பிரிட்டனிலேயே பெரிய பணக்காரி என்று பேர் வாங்கியவர்.

[திரையில்: இளவயது மார்கரெட்டின் உருவப்படம்]

பிறந்தது 1715இல். ஆக்ஸ்ஃபோர்ட் பிரபு எட்வர்ட் ஹார்லியின் ஒரே வாரிசு. அப்பாவுக்குப் புத்தகப் பைத்தியம். அவர் காலமான பிறகு, அச்சு நூல்களை ஒரு புத்தக வியாபாரி 13,000 பவுண்டுக்கு அள்ளிக்கொண்டு போனார். கையெழுத்துச் சுவடிகளை மட்டும் அப்படி விடவில்லை. அம்மாவும் மகளும் 1753இல் 10,000 பவுண்டுக்கு நாட்டுக்கே கொடுத்தார்கள். பிரிட்டிஷ் மியூசியம் உருவானபோது அதன் முதல் கையிருப்பான தொகுப்புகளில் அதுவும் ஒன்று.

சரி, மகளுக்கு என்ன பைத்தியம்? இயற்கை. 19 வயதில் கல்யாணம், 1762இல் கணவர் மறைவு. அதற்குப் பிறகு பக்கிங்ஹாம்ஷயரில் இருந்த அவருடைய புல்ஸ்ட்ரோட் மாளிகை வேறொரு வேகம் எடுத்தது. தோட்டம், பறவைக்கூடம், விலங்குகள், அறை அறையாகச் சேகரிப்புகள். வந்துபோனவர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'தேன்கூடு'.

[திரையில்: புல்ஸ்ட்ரோட் மாளிகை]

அங்கே யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸின் மாணவரும், கேப்டன் குக்கோடு உலகைச் சுற்றியவருமான டேனியல் சோலாண்டர், சங்குகளை வகைப்படுத்த வாராவாரம் வருவார். செடிகளை வரைய எஹ்ரட். வீட்டுப் பாதிரியார் ஜான் லைட்ஃபுட்டே ஒரு தாவரவியலாளர். தத்துவஞானி ரூசோ 1766இல் இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது டச்சஸோடு செடி தேடி மலையேறினார். பிறகு தன்னை அவருடைய 'மூலிகைக்காரன்' என்றே கடிதங்களில் சொல்லிக்கொண்டார்.

இவரை 'அறிஞர்களுக்கு விருந்து கொடுத்த சீமாட்டி' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராகச் சேர்த்ததே 1945இல்தான். 18ஆம் நூற்றாண்டில் ஒரு பெண்ணால் அங்கே போய் உட்கார முடியாது. ஆனால் பணம் இருந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவர்களைத் தன் வீட்டுக்கு வரவழைக்கலாம். மார்கரெட் செய்தது அதுதான்.

அந்த வீட்டின் அருமையான கதை மேரி டெலனியுடையது. டச்சஸின் நெருங்கிய தோழி, விதவை. 1772, டெலனிக்கு 72 வயது. புல்ஸ்ட்ரோட்டில் ஒரு நாள், ஜெரேனியம் பூவின் நிறத்திலேயே ஒரு சிவப்புக் காகிதம் கண்ணில் படுகிறது. கத்தரிக்கோலை எடுத்து இதழ் இதழாக வெட்டி ஒட்டுகிறார். உள்ளே வந்த டச்சஸ், "அந்தப் பூவை என்ன செய்கிறீர்கள்?" என்கிறார். காகிதம் என்று தெரியவில்லை! அன்று தொடங்கியது சுமார் பத்து வருடம் ஓடி, ஆயிரத்தை நெருங்கியது. இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில்.

[திரையில்: கறுப்புப் பின்னணியில் டெலனியின் காகிதப் பூ]

தன்னிடம் இருந்த, அதுவரை பெயரிடப்படாத ஒவ்வோர் உயிரினத்தையும் விவரித்து வெளியிட வேண்டும் என்பது மார்கரெட்டின் திட்டம். 1782இல் சோலாண்டர் இறந்தார். மூன்று வருடத்தில் டச்சஸும் போனார். அப்பாவின் சுவடிகளை மொத்தமாகக் காப்பாற்றியவரின் சொந்தச் சேகரிப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஏலத்தின் கடைசி நாளில் பழைய ரோமானியக் கண்ணாடிக் குடுவை ஒன்று வந்தது. அதை டச்சஸின் மகனே 980 கினிக்கு (கினி என்பது பவுண்டைவிடச் சற்றுக் கூடுதல் மதிப்புள்ள பழைய நாணயம்) வாங்கினார். 'போர்ட்லண்ட் வாஸ்' என்று பேர் பெற்றது அதுதான். மட்பாண்டத் தயாரிப்பாளர் வெட்ஜ்வுட் அதைக் கடன் வாங்கிப் பிரதி எடுத்தார். 1845இல் மியூசியத்தில் ஒருவன் அதைச் சுக்குநூறாக உடைத்தான். ஒட்டி வைத்திருக்கிறார்கள், போனால் பார்க்கலாம்.

[திரையில்: ஏலப் பட்டியலின் முகப்புப் பக்கம்]

சங்குகள் மட்டும் திசைக்கொன்றாகப் போயின. ஆனால் ஏலப் பட்டியலில் அவற்றுக்கு வைத்த புதுப் பெயர்கள் நின்றுவிட்டன. பட்டியலைத் தொகுத்தவர் லைட்ஃபுட் என்று கருதப்படுவதால், இன்றும் சில சங்கினங்களின் அறிவியல் பெயருக்குப் பின்னால், பெயர் வைத்தவரும் வருடமுமாக 'லைட்ஃபுட், 1786' என்று இருக்கும். அந்த 1786, டச்சஸின் சேகரிப்பு ஏலம் போன வருடம்.