மார்புக்கு என்ன வயது?

(மண்டபம் ஊரில் மகளிர் குழுக்களின் கூட்டத்தில் பேசியது, எழுத்து வடிவில்)

அக்காமார்களுக்கும் ஆத்தாமார்களுக்கும் வணக்கம். பாம்பன், தங்கச்சிமடத்திலிருந்து கடல்பாசி எடுக்கிற வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். கீழக்கரையிலிருந்து லாத்தாமார்களும் வந்திருக்கிறார்கள். உங்கள் நேரம் காசு. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மாதவிடாய் நின்றுவிட்டால் மார்புக்கும் வேலை முடிந்தது, இனி அதில் நோய் எங்கிருந்து வரும் என்று நம் கரையில் பலர் நினைக்கிறார்கள். இது தவறு. பெண்ணாகப் பிறந்ததற்கு அடுத்தபடியாக மார்பகப் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் வயதுதான். ஐம்பது வயது வரை ஆபத்து வேகமாக ஏறுகிறது. அதன் பிறகு ஏறுகிற வேகம்தான் குறைகிறதே தவிர, ஏறுவது நிற்பதில்லை.

ஏன் ஏறுகிறது? மார்புக்குள் பால் சுரக்கும் நுண்ணறைகளும் பால் வரும் குழாய்களும் இருக்கின்றன. அவற்றின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருக்கிறது. மாதாமாதம் சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் வரும்போது இந்த ஏற்பி அதைப் பிடித்து, செல்லின் உட்கருவுக்குள் போய், பெருகச் சொல்லும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. செல் பெருகும்போதெல்லாம் மரபணுக்கள் எழுதியிருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். நகல் எடுக்கையில் பிழை வரும். பெரும்பாலான பிழைகளைச் செல்லே திருத்திவிடும். வலை பொத்துகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: கிழிந்த இடத்தை அன்றன்றைக்கே பொத்திவிடுவோம், ஆனால் ஏதாவது ஒரு கண் கண்ணில் படாமல் போகும், வருசம் ஆக ஆக அப்படி விடுபட்டவை சேர்ந்துகொண்டே போகும். செல்லிலும் இதே கதைதான். விடுபட்ட பிழை பி.ஐ.கே.3.சி.ஏ. போன்ற ஒரு மரபணுவில் விழுந்தால், வளரச் சொல்லும் கட்டளை ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். டி.பி.53 என்ற காவல் மரபணுவில் விழுந்தால், கெட்டுப்போன செல்லை நிறுத்த ஆளில்லாமல் போகும்.

பிழைகள் மட்டுமல்ல. எந்த மரபணு பேச வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று டி.என்.ஏ. மேல் மெத்தில் என்ற வேதிக் குறிகள் இருக்கும். வயது ஏற ஏற அவை இடம் மாறுகின்றன. 2013இல் ஸ்டீவ் ஹோர்வத் என்ற ஆய்வாளர் இந்தக் குறிகளை வைத்துத் திசுவின் வயதைக் கணக்கிட ஒரு வழி சொன்னார். அதில் பெண்களின் மார்புத் திசு, அதே உடம்பின் மற்ற பல திசுக்களைவிட வயது கூடியதாகத் தெரிந்தது. உங்களுக்கு ஐம்பது என்றால் உங்கள் மார்புக்கும் ஐம்பதுதான் என்று சொல்ல முடியாது! அப்புறம், பெருகுவதை நிறுத்திவிட்டு ஆனால் சாகாமல் கிடக்கும் முதுமைச் செல்கள் அழற்சிப் பொருட்களைச் சுரந்து பக்கத்துச் செல்களையும் கெடுக்கின்றன.

மார்பு தனக்கென்று ஒரு வயதுக் கணக்கு வைத்திருக்கிறது என்பதை மால்கம் பைக் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1983இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வயதுக்கு வந்த நாளில் அந்த வயது ஓட ஆரம்பிக்கிறது. முதல் பிரசவத்தை ஒட்டிக் கொஞ்ச காலம் கூடி, பிறகு ஓட்டம் மெதுவாகிறது. மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் மெதுவாகிறது. பால் கொடுப்பதும் உதவுகிறது: 2002இல் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறைந்திருந்தது. இதைக் கேட்டுவிட்டு யாரும் பெண் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் கல்யாணம் பேசக் கிளம்ப வேண்டாம். சின்ன வயதுப் பிரசவத்தில் உயிரே போகும். படிக்க விடுங்கள்.

சரி, மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது? கொழுப்பிலிருந்து. அரோமட்டேஸ் என்ற நொதி, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண் ஹார்மோன்களைக் கொழுப்புத் திசுவில் வைத்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மார்பே பெரும்பாலும் கொழுப்புதானே. வயதாகும்போது சுரப்பிப் பகுதி சுருங்கி அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு பெருத்த பெண்களுக்கு ஆபத்து கூடுகிறது.

ஏர்வாடிப் பக்கம் ஒரு முகாமில் எழுபதைத் தொடும் ஓர் அப்பத்தா, மகளுக்குத் துணையாக வந்திருந்தார். பாசி பிடுங்கிப் பிடுங்கிக் காய்த்துப்போன விரல்கள். "எனக்கெதுக்குத்தா, இது வத்திப்போச்சு" என்றார். மகள்தான் பிடித்து உட்கார வைத்தாள். இடது மார்பின் மேல், அக்குளை ஒட்டி ஒன்றரை சென்டிமீட்டரில் ஒரு கட்டி. கெட்டியாக இருந்தது, அழுத்தினால் நகரவில்லை, வலியும் இல்லை. "ஒரு வருசமா இருக்கு. வலிக்கல, அதான் விட்டுட்டேன்" என்றார். வலிக்காததுதான் இதில் பெரிய ஏமாற்று.

கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சியில் அவருக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கும் வகை என்று வந்தது. வயதானவர்களிடம் இந்த வகைதான் அதிகம். மேலை நாட்டுக் கணக்குகளில் 65 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் எட்டுக்கும் மேல். பொதுவாக இது மெதுவாக வளரும். அறுவைக்குப் பிறகு லெட்ரோசோல், அனாஸ்ட்ரசோல் போன்ற மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடலாம். அவை அரோமட்டேஸையே முடக்குகின்றன. எலும்பு தேயும் என்பதால் அதையும் கவனிக்க வேண்டும். 1896இலேயே கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற மருத்துவர் சினைப்பையை எடுத்து மார்புக் கட்டி சுருங்குவதைக் காட்டினார். ஈஸ்ட்ரோஜன் என்று ஒன்று இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது.

இளவயதில் வருவது பெரும்பாலும் வேறு குணம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஈ.ஆர்.), புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் ஏற்பி (பி.ஆர்.), செல்லை வளரத் தூண்டும் ஹெர்-2 புரதம், இந்த மூன்றும் இல்லாத வகை அவர்களிடம் கூடுதல். அது வேகமாக வளரும், இந்த மாத்திரைகளுக்குக் கட்டுப்படாது. உடைந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் பி.ஆர்.சி.ஏ.1 மரபணு பிறவியிலேயே கெட்டிருந்தால், பிழைகள் சேர எழுபது வருடம் தேவையில்லை. அந்தக் கோளாறு அப்பா வழியிலும் வரும்.

நம் நாட்டில் ஐம்பதை ஒட்டியே நிறையப் பேருக்கு வருகிறதே என்று கேட்பீர்கள். நம் மக்கள்தொகையில் இளவயதினர் அதிகம் என்பது அதற்கு முக்கியக் காரணம். அதை வைத்துக் கிழவிகளுக்கு வராது என்று முடிவு கட்டக் கூடாது.

மும்பையில் டாடா மருத்துவமனை 1998இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் பின்தொடர்ந்தது. பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தார்கள், மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே இல்லாமல். 50 வயதும் அதற்கு மேலும் இருந்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிக் குறையவில்லை. கையால் பார்த்தே பலன் கிடைத்தது நாம் வேண்டாம் என்று ஒதுக்கும் வயதுக்காரர்களிடம்தான்.

அடுத்த முகாமுக்கு அம்மாச்சியையும் உம்மம்மாவையும் கூட்டி வாருங்கள். கட்டி என்று வந்துவிட்டால், பயாப்சி அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். ராமநாதபுரம் போனாலும் மதுரை போனாலும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.