மூன்றே எழுத்து, 645 அர்த்தம்! ‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

வணக்கம் மக்களே! ஆங்கிலத்தில் அதிக அர்த்தம் கொண்ட வினைச்சொல் எது தெரியுமா? வாயில் நுழையாத சொல் எதையும் தேட வேண்டாம், எல்கேஜி பிள்ளைக்கே தெரிந்த சொல்தான். ரன்! ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக இதைப் பிரித்து எழுத உட்கார்ந்த பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. எண்ணிப் பார்த்தால், வினைச்சொல்லாக மட்டுமே 645 அர்த்தம். அதற்கு முன்னால் ‘செட்’ என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது, 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430.

[திரையில்: ரன் – 645, செட் – 430]

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்று ஒரு வினை இருந்தது, மனிதர் ஓடுவதற்கும் அதுதான், தண்ணீர் பாய்வதற்கும் அதுதான். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் ‘ரெனென்’ என்றால் ஓடுவது, ‘ரினென்’ என்றால் வழிவது. அதனால் மூக்கு ஒழுகுவதற்கு ஆங்கிலத்தில் ‘ரன்’ போடுவது ஒன்றும் விசித்திரம் இல்லை, அந்தச் சொல் பிறந்ததிலிருந்தே அதில் தண்ணீர் இருக்கிறது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். பரீட்சைக்குப் படிக்கிற தம்பி தங்கைகள் கைடில் இருக்கிற பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள்: ரன் என்றால் ஸ்பிரின்ட், ஜாக், ஃப்ளோ, ஆபரேட், மேனேஜ். எனக்கு இதைப் பார்த்தாலே ஆதங்கமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தச் சொற்கள் எல்லாம் ‘ரன்’னுக்குச் சமம்தான், ஆனால் ஒன்றுக்கொன்று சமம் இல்லை. மூக்கு ஸ்பிரின்ட் ஆகாது, கெடிலம் ஆறு ஆபரேட் ஆகாது. ஆகவே பட்டியலை மூடி வையுங்கள். வாக்கியத்தில் எது ஓடுகிறது, எதை ஓட்டுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஆள் என்றால் ஸ்பிரின்ட், ஜாக், டேஷ். அதிலும் ஜாக் மெதுவாக ஓடுவது, ஸ்பிரின்ட் கொஞ்ச தூரத்தை உயிரைக் கொடுத்து ஓடுவது. தண்ணீர் என்றால் ஃப்ளோ. மிஷின் என்றால் வொர்க், ஃபங்ஷன். நிறுவனம் என்றால் மேனேஜ். பொருள் தீர்ந்துபோனால் ‘ரன் அவுட்’. துணியில் ‘ரன்’ வந்தால் சாயம் போகிறது என்று அர்த்தம். அவ்வளவுதான்.

இந்த வீடியோவில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான்.

ஒருவர் கடையைப் பார்த்துக்கொள்கிறார் என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் ‘ரன்ஸ் எ ஷாப்’, அதாவது கடையை ஓட வைக்கிறார். நாம் என்ன சொல்கிறோம்? கடை நடத்துகிறார். நட, நடத்து! அவர்கள் ஓட வைக்கிற கடையை நாம் நடக்க வைக்கிறோம். அதோடு முடியவில்லை. புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் காந்தி வீதியோரம் துணி விற்பவரைக் கேட்டால் ‘கடை போட்டிருக்கேன்’ என்பார், நேரு வீதியில் நிரந்தரமாக இருப்பவர் ‘கடை வச்சிருக்கேன்’ என்பார். இந்த இரண்டு பேரையும் ஆங்கிலம் ஒரே ‘ரன்’னில் அடக்கிவிடும். அப்புறம், நமக்கும் ‘கடையை ஓட்டுறேன்’ என்ற பேச்சு இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லும்போது குரலே இறங்கிவிடும், பாருங்கள். ‘ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்றால் லாபம் இல்லை, இழுத்துக்கொண்டு போகிறேன் என்று அர்த்தம். ஆங்கில ‘ரன்’னில் அந்தச் சோர்வு கிடையாது. அதனால் அந்த வாக்கியத்துக்கு ‘ஐ ரன் எ ஷாப்’ என்று எழுதினால் பாதி அர்த்தம் காணாமல் போகும். ‘ஐ மேனேஜ் சம்ஹவ்’ பக்கத்தில் வரும்.

பஸ்ஸையும் பாருங்கள். தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி தரிசனம் என்றால் கடலூரிலிருந்து சிறப்பு பஸ் ‘விடுகிறார்கள்’. ஆங்கிலத்தில் பஸ்ஸை ‘ரன்’ பண்ணுகிறார்கள். டிரைவர் ஓட்டுவது ‘டிரைவ்’, போக்குவரத்துக் கழகம் விடுவது ‘ரன்’. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பரீட்சையில் தப்பே வராது. அதேபோல ‘ஓன்’ வேறு, ‘ரன்’ வேறு: ஓட்டல் அண்ணனுடையது, தினமும் கல்லாவில் உட்கார்ந்து நடத்துவது தம்பி என்றால் அண்ணன் ஓன்ஸ், தம்பி ரன்ஸ்.

அடுத்தது தேர்தல். அமெரிக்காவில் அதிபர் பதவிக்கு ‘ரன்’ பண்ணுகிறார்கள், ஓடுகிறார்கள். பிரிட்டனில் நாடாளுமன்றத்துக்கு ‘ஸ்டேண்ட்’ பண்ணுகிறார்கள், நிற்கிறார்கள். ஒரே மொழி, ஒரே வேலை, ஒருவர் ஓடுகிறார், ஒருவர் நிற்கிறார்! நம் புதுச்சேரியின் 30 தொகுதியிலும் வேட்பாளர் ‘நிற்கிறார்’, ஆகவே இதில் நாம் பிரிட்டன் பக்கம். நம் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கும் ஓட்டுப் போடுகிறார்கள் இல்லையா, அந்தப் பிரெஞ்சில் ஓடுவதும் இல்லை, நிற்பதும் இல்லை. ‘ஸ பிரசான்த்தே’, தன்னை முன்வைத்துக்கொள்வது. மூக்கு விஷயத்தில் மட்டும் பிரெஞ்சு நம்மோடு சேர்ந்துகொள்கிறது, அங்கேயும் மூக்கு ஓடாது, ஒழுகும்தான். இந்திய ஆங்கிலப் பத்திரிகைகள் தேர்தலுக்குப் பெரும்பாலும் ‘கன்டெஸ்ட்’ என்றே எழுதும், பரீட்சையிலும் அதையே எழுதுங்கள், பாதுகாப்பு.

கிரிக்கெட் ரன்னுக்கு ஒரே ஒரு தகவல்: ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு ரன்னுக்கும் குச்சியில் ஒரு வெட்டு வெட்டிக் கணக்கு வைத்தார்கள், அதனால் ரன்னுக்கே ‘நாட்ச்’ என்று பெயர் இருந்தது.

கடைசியாக, எந்தக் கைடிலும் வராத ‘ரன்னிங்’. பழைய வண்டி வாங்கப் போனால் ‘ரன்னிங் கண்டிஷன்’ என்பார்கள். ஓடும் என்றுதான் அர்த்தம், நன்றாக ஓடும் என்று அர்த்தம் இல்லை, கவனம். தையல்காரரிடம் ‘ரன்னிங் ஸ்டிச்’, ஊசி மேலும் கீழுமாக நேரே ஓடுகிற சாதாரணத் தையல். வெல்டிங் பட்டறையில் கைப்பிடிக்கு ‘ரன்னிங் ஃபீட்’ கணக்கில் விலை சொல்வார்கள், அதில் நீளத்தை மட்டும்தான் அளப்பார்கள், உயரமோ அகலமோ கணக்கில் வராது. கிரில் கேட்டுக்குச் சதுர அடி. 10 அடி நீளம், 3 அடி உயரம் என்றால் ஒரு கணக்கில் 10, இன்னொன்றில் 30. ஆகவே விலை பேசும்போது எந்த அடி என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் தொழிலில் வேறு ‘ரன்னிங்’ ஏதாவது புழங்குகிறதா? துறைமுகத்தில், மில்லில், அச்சகத்தில் வேலை செய்கிறவர்கள் கட்டாயம் கமெண்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் சேர்த்துவிடுகிறேன்.