ஷோரூம் தம்பிகிட்ட எதைக் கேக்கணும், எதைக் கேக்கக் கூடாது

வணக்கம் மக்களே. புது கார் எடுக்குறவங்கள்ல நிறைய பேர் ஷோரூம்ல சொன்னதை அப்படியே நம்பி புக்கிங் பணம் கட்டிடுறாங்க. வண்டி வீட்டுக்கு வந்தப்புறம் "சேல்ஸ்மேன் ஏமாத்திட்டான்"னு புலம்புறாங்க. பாதி நேரம் அது ஏமாத்து வேலையே கிடையாது. அந்தத் தம்பிக்கே விஷயம் தெரியாது, அவ்வளவுதான்.

ஏன் தெரியாதுன்னா, அவருக்குக் காசு எங்கேர்ந்து வருதுனு பாருங்க. அடிப்படைச் சம்பளம் கம்மி, மிச்சமெல்லாம் இன்சென்டிவ். மாசத்துக்கு எத்தனை வண்டி போச்சு, அதுல எத்தனை பேர் லோனை ஷோரூம் வழியாவே போட்டாங்க, இன்சூரன்ஸ் அங்கேயே எடுத்தாங்களா, எக்ஸ்டென்டட் வாரன்டி, ஆக்சஸரீஸ், எக்ஸ்சேஞ்ச், இதுக்கெல்லாம் கணக்கு இருக்கு. கிளட்ச் எப்படி வேலை செய்யுதுனு விளக்கிச் சொன்னதுக்கு யாரும் பத்து பைசா தர்றதில்ல. அதனால யார்டுல எந்த வேரியன்ட் நிக்குது, எந்தக் கலருக்கு எத்தனை வாரம் வெயிட்டிங், மாசக் கடைசியில எவ்வளவு இறங்கும், எந்த பேங்க்ல வட்டி கம்மி, இதெல்லாம் அவருக்கு விரல் நுனியில இருக்கும். அதைத் தாராளமா அவர்கிட்டயே கேளுங்க. போனட்டைத் திறந்தாதான் சுருதி இறங்கும்.

அதிகமா குளறுபடி ஆகுற இடம் கியர்பாக்ஸ். "ஆட்டோமேட்டிக்தான் சார், எல்லாம் ஒண்ணுதான்"னு சொல்லுவாங்க. ஒண்ணு கிடையாது. உள்ளே உட்கார்ந்து கியர் லீவரைப் பாருங்க. 'பி'ங்கிற எழுத்தே இல்லாம ஆர், என், டி, எம் மட்டும் இருந்தா அது ஏஎம்டி. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான் அது. கிளட்ச் மிதிக்கிற வேலையையும் கியர் மாத்துற வேலையையும் ஒரு ஆக்சுவேட்டர் செய்யுது. 2014ல செலரியோ வழியா இங்க பரவலான சமாச்சாரம் இது. விலை கம்மி, மைலேஜ் மேனுவல் மாதிரியே வரும். கியர் மாறும்போது ஒரு தலையாட்டல் இருக்கும், அது பழுது கிடையாது. ஆனா ஃப்ளைஓவர் ஏத்தத்துல டிராஃபிக் நிக்கும்போது பிரேக்கை விட்டுட்டு ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சே வண்டியைப் பிடிச்சு வெச்சீங்கன்னா உள்ளே கிளட்ச் பாதி பிடிச்சபடியே தேஞ்சுக்கிட்டு இருக்கும். வாடை வந்தப்புறம்தான் தெரியும். கிளட்ச் தேய்மானத்துக்கு வாரன்டி பொதுவா கிடைக்காது. டெலிவரி அன்னைக்கு இந்த ஒரு விஷயத்தைச் சொல்லித்தர்ற சேல்ஸ் ஆளைப் பார்க்குறதே அபூர்வம்.

டிசிடினு இன்னொரு வகை ஆட்டோமேட்டிக், அதுல ரெண்டு கிளட்ச். கியர் மாறுறது தெரியவே தெரியாது, ஹைவேல சுகம். ஆனா கிளட்ச் ஆயில்ல நனையாம இருக்குற ட்ரை கிளட்ச் டைப்பா இருந்தா ஊர்ந்து ஊர்ந்து போற டிராஃபிக்ல சூடாகும். "இது ட்ரை கிளட்ச்சா, வெட் கிளட்ச்சா?"னு கேட்டுப் பாருங்க. முழிச்சார்னா விட்டுடுங்க, சர்வீஸ் அட்வைசரைக் கூப்பிடச் சொல்லுங்க. சிவிடி, அதாவது படிப்படியா கியர் இல்லாத ஆட்டோமேட்டிக், நகரத்துக்கு வழவழன்னு இருக்கும், ஆனா ஓவர்டேக்குக்கு அழுத்தி மிதிச்சா முதல்ல சத்தம் வரும், வேகம் கொஞ்சம் கழிச்சுதான் வரும். கிளட்சுக்குப் பதிலா ஆயில் வழியா பவர் கடத்துற டார்க் கன்வர்ட்டர்தான் ஏத்தம், டிராஃபிக் ரெண்டுக்கும் பயப்படாதது, கொஞ்சம் பெட்ரோல் கூடக் குடிக்கும். ஐஎம்டினு ஒண்ணு இருக்கு, அதுல கிளட்ச் பெடல்தான் இல்ல, கியரை நீங்கதான் போடணும். அதை ஆட்டோமேட்டிக்னு யாராவது சொன்னா அந்த மேஜையை விட்டு எழுந்துடுங்க.

அடுத்தது ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோட எலெக்ட்ரிக் மோட்டாரும் சேர்ந்த வண்டி. மாருதியோட கிராண்ட் விட்டாராவையே எடுத்துக்கோங்க. டொயோட்டா ஷோரூம்ல ஹைரைடர்ங்கிற பேர்ல நிக்கறதும் உள்ளுக்குள்ள அதே வண்டிதான். ஒரே பேர்ல ரெண்டு வேற வேற இன்ஜின். மைல்டு ஹைபிரிட்ல இருக்கறது சுசுகியோட நாலு சிலிண்டர் இன்ஜின். ஸ்ட்ராங் ஹைபிரிட்ல இருக்கறது டொயோட்டாவோட மூணு சிலிண்டர், அதோட மோட்டார், பேட்டரி. மைல்டுல மோட்டார் தனியா வண்டியை நகர்த்தாது, இன்ஜினுக்குக் கை கொடுக்கும், சிக்னல்ல அணைச்சு எழுப்பும், அவ்வளவுதான். ரெண்டையும் "ஹைபிரிட் சார்"னு ஒரே மூச்சுல சொல்லிடுவாங்க. புரோஷர்ல மைலேஜ் லிட்டருக்கு 27.97னு பெரிய எழுத்துல இருக்கும், அது ஸ்ட்ராங்குக்கு. மைல்டு மேனுவலுக்கு 21.11தான்.

"பேட்டரியிலேயே 25 கிலோமீட்டர் ஓடும் சார்"னு ஒரு பேச்சும் உண்டு. கணக்குப் போடுங்க. ஸ்ட்ராங் ஹைபிரிட் பேட்டரி மொத்தமே 0.76 கிலோவாட் அவர். ஊருக்குள்ள மெதுவா போனாக்கூட இந்த சைஸ் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு 100 வாட் அவருக்கு மேலதான் இழுக்கும். முழுசா வறட்டி எடுத்தாலும் எட்டு கிலோமீட்டர் தாண்டாது. ஆனா கம்ப்யூட்டர் பேட்டரியை அப்படி வறட்ட விடவே விடாது. நடுவுல கொஞ்சம் கொஞ்சமா மோட்டார்ல ஓடுற தூரத்தைக் கூட்டிச் சொன்னா 25 வரலாம், அது வேற பேச்சு. இன்னொண்ணு, அந்த பேட்டரி டிக்கிக்குக் கீழே உட்காருது. மைல்டுல 373 லிட்டர் இருக்குற டிக்கி, ஸ்ட்ராங்ல 265 லிட்டர். நாலு பேர் பெட்டியோட கிளம்புற வீடுன்னா இது பெரிய வித்தியாசம். டிக்கியைத் திறந்து உங்க பெட்டியை வெச்சே பாருங்க.

மைலேஜ் நம்பரைப் பத்தி ஒரு வார்த்தை. அது ரோட்டுல எடுத்தது இல்ல. ஆய்வுக்கூடத்துல உருளை மேல வண்டியை நிறுத்தி, ஏசி இல்லாம, வேகம் 90ஐத் தாண்டாம ஒரு அட்டவணைப்படி ஓட்டி எடுக்குறது. ரெண்டு வண்டியை ஒப்பிட உதவும். உங்க மாச பெட்ரோல் செலவைக் கணக்குப் போட உதவாது.

எலெக்ட்ரிக் வண்டின்னா ரேஞ்சை விட்டுட்டு சார்ஜிங்கைக் கேளுங்க. "வீட்டு பிளக்லயே போட்டுக்கலாம்"னு சொல்லுவாங்க. 15 ஆம்பியர் பிளக்ல சுமார் 3.3 கிலோவாட்தான் வரும். 45 கிலோவாட் அவர் பேட்டரின்னா காலியிலிருந்து நிரம்ப 14, 15 மணி நேரம். எர்த்திங் சரியா இல்லேன்னா சார்ஜரே ஏத்துக்காது. சுவர்ல மாட்டுற 7.2 கிலோவாட் சார்ஜர் பெட்டி சிங்கிள் ஃபேஸ்ல 31 ஆம்பியர் கிட்ட இழுக்கும். உங்க வீட்டுக்கு ஈபியில சாங்ஷன் ஆன லோடு எவ்வளவுனு பார்க்காம அதை மாட்ட முடியாது. இதை அவரா உங்ககிட்ட கேட்டார்னா, நல்ல ஆள் கிடைச்சிருக்கார்னு அர்த்தம்.

டீசலுக்கும் இதே அளவுகோல்தான். "ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுவீங்க, ஊருக்குள்ளயா ஹைவேயா?"னு அவர் திருப்பிக் கேக்கணும். பிஎஸ்6 டீசல்ல புகைக்கரியைப் பிடிக்க டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு. அதுல சேர்ந்த கரி எரியணும்னா சைலன்சர் பக்கம் நல்லா சூடேறணும், அதுக்குக் கொஞ்ச நேரம் நிறுத்தாம ஒரே சீரா ஓட்டணும். தினமும் ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் மூணு கிலோமீட்டர் ஓட்டுற வண்டியில கரி எரியறதுக்குள்ள இன்ஜினை அணைச்சிடுவீங்க. முதல்ல விளக்கு எரியும். அதைக் கண்டுக்காம விட்டா பவர் குறையும், கடைசியில சர்வீஸ் சென்டர்ல கம்ப்யூட்டர் மாட்டித்தான் எரிக்கணும். அரைகுறையா நின்ன ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் இன்ஜின் ஆயில்ல கலக்கவும் வாய்ப்பிருக்கு.

"ஆறு ஏர்பேக், அதனால ஃபைவ் ஸ்டார்"னு சொன்னா நம்பாதீங்க. ஏர்பேக் எண்ணிக்கை வேற, வண்டியை மோத விட்டுப் பார்த்துப் பாதுகாப்புக்குக் கொடுக்குற ஸ்டார் வேற. எந்த வருஷம், எந்தத் தலைமுறை வண்டியை மோதிப் பார்த்தாங்கனு பாருங்க. இந்த மோதல் சோதனையை நடத்துற குளோபல் என்கேப் 2022 ஜூலைல விதிகளைக் கடுமையாக்குச்சு, நம்ம நாட்டோட பாரத் என்கேப் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சது. பழைய ஸ்டாரை புது மாடல் மேல ஒட்டிப் பேசுறது சகஜம்.

டெஸ்ட் டிரைவுக்குக் கொடுக்குறது பெரும்பாலும் டாப் மாடலாத்தான் இருக்கும். நீங்க எடுக்குறது நடு வேரியன்ட்டா இருந்தா வீல் சைஸே மாறும், குலுங்குறதும் மாறும். அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ் இல்லாத வண்டியை ஓட்டிப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்ல. ஏசியைப் போட்டு, வீட்டு ஆளுங்களை ஏத்திக்கிட்டு, ஒரு பேஸ்மென்ட் ஏத்தத்துல நிறுத்தி எடுங்க.

பணம்னு வந்தா, பத்து லட்சத்துக்கு மேல போற வண்டிக்கு பில்லுல ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விக்கும்போதே வசூலிக்கிற வருமான வரி, போடுவாங்க. "அது டாக்ஸ் சார், போனது போனதுதான்"னு சொல்ற தம்பிகள் உண்டு. போகல. உங்க பான் நம்பர்ல ஏறியிருக்கும், வருமான வரி ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம்.

அவர் வாயால சொன்ன எந்த ஃபீச்சரா இருந்தாலும், "இதை கொட்டேஷன்ல வேரியன்ட் பேரோட எழுதிக் கொடுங்க தம்பி"னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க. தெரியாத விஷயமா இருந்தா பேனா அங்கேயே நின்னுடும், உள்ளே போய் யாரையாவது கேட்டுட்டு வருவார். அது நல்லதுதான், கோபப்படாதீங்க.

மீதிப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி சேஸிஸ் நம்பரை வாங்கிடுங்க. 17 எழுத்து. பல கம்பெனியில பத்தாவது எழுத்து வருஷம்: R-னா 2024, S-னா 2025, T-னா 2026. எல்லாக் கம்பெனியும் அந்த இடத்துல அதையே வைக்குறதில்ல, அதனால படிவம் 21ல, அதாவது சேல் சர்டிஃபிகேட்ல, தயாரிச்ச மாசமும் வருஷமும் என்ன போட்டிருக்குனு பாருங்க. யார்டுக்குப் போய் அதே நம்பர் வண்டியில இருக்கானு ஒத்துப் பார்த்துட்டு, டயர் பக்கச் சுவர்ல கடைசி நாலு இலக்கத்தையும் படிங்க. 3225னு இருந்தா 2025ல 32வது வாரம். ஸ்டெப்னியை மறக்காதீங்க, அஞ்சு டயரையும் படிங்க. நீங்க பார்க்குற வண்டி எது, எந்த வேரியன்ட்னு கமெண்ட்ல போடுங்க, ஷோரூம்ல கேக்க வேண்டிய கேள்வியை அங்கேயே எழுதித் தர்றேன்.